நாசில் யார் கையில்? சாக்கடைக்கு இயந்திரம் வந்த வரலாறு

தமிழ்நாட்டில் ஒரு மலக்குழி மரணம் நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் என்ன தலைப்பு வரும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ‘விஷவாயு தாக்கி தொழிலாளி பலி.’ கொன்றது வாயு. இறக்கிவிட்டவர் தலைப்பில் இல்லை. பல நேரம் செய்தியிலும் இல்லை. பிறகு இரண்டு நாள் அனுதாபம். அந்த அனுதாபத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: நிலவுக்கு விண்கலம் விடுகிற நாட்டில் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஓர் இயந்திரம் கிடையாதா?

நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் அது உண்மையான கேள்வியை மறைத்துவிடுகிறது. இயந்திரம் இருக்கிறது. உலகத்துக்கு அது வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சென்னைத் தெருவில் ஜெட் ராடிங் வண்டி நிற்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. அப்படியிருந்தும் குழிக்குள் ஆள் இறங்குகிறார். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது வேறு. இந்த இயந்திரம் யாருக்காக வாங்கப்பட்டது? அதன் எந்த முனையில் யார் நிற்கிறார்? அதைப் பாதுகாப்பாக இயக்கும் அறிவு யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது?

இந்தக் கேள்விகளோடு இயந்திரத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். உயர் அழுத்த ஹோஸைப் பிடிக்கும் நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு விவரங்களையும் இடையில் எழுதியிருக்கிறோம். அந்த அறிவு அவர்களுக்குச் சொல்லப்படாமல் இருப்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

மூங்கில் பிளாச்சுக் காலம்

சென்னையின் பாதாளச் சாக்கடை வெள்ளையர் காலத்துத் திட்டம். 1910 வாக்கில் அதை வடிவமைத்தபோது, 1961-ல் நகரின் மக்கள் தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1961 வந்தது. கணக்கெடுப்பில் நகரின் மக்கள் தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழாய் தாங்க வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு சுமை. அந்தச் சுமையைக் குழாய் தாங்கவில்லை. குழாய்க்குள் இறங்கியவர்கள் தாங்கினார்கள்.

அடைப்பு எடுக்க அன்று இருந்த கருவி மூங்கில் பிளாச்சு. நீளமாகப் பிளந்த மூங்கிலை ஒன்றோடொன்று கட்டி, ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குக் குழாய் வழியாகத் தள்ளுவார்கள். தள்ளுகிறவருக்கும் குழிக்குள் வேலை, அந்தப் பக்கம் முனையைப் பிடித்து இழுப்பவருக்கும் குழிக்குள் வேலை. இடித்துத் தளர்ந்த மண்ணையும் மலத்தையும் வாளியில் அள்ளி மேலே அனுப்ப வேண்டும். சாக்கடையின் வாய்க்கு வைத்த பெயரே ‘மேன்ஹோல்’, ஆள் இறங்கும் ஓட்டை. மனிதர் இறங்குவார் என்பது கட்டும்போதே முடிவான விஷயம். எந்த மனிதர் என்பதைக் கட்டியவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவை இந்த ஊரில் இல்லை.

எடுப்புக் கழிப்பிடத்தில் கூடை சுமந்தவர்கள் யாரோ அவர்களே பாதாளச் சாக்கடையிலும் இறங்கினார்கள். சென்னையில் ஆதி ஆந்திரர், ஆதி திராவிடர். கொங்குப் பகுதியில் அருந்ததியர். மலத்தைக் கண்ணில் படாமல் மண்ணுக்கடியில் கொண்டுபோனது நவீனம். மலத்தோடு சேர்த்து அதை அள்ளுபவரையும் மண்ணுக்கடியில் கொண்டுபோனது சாதி. கூடை குழியானது. வேலை தலைமுறை மாறியது, வீடு மாறவில்லை. சாதி உழைப்பாளர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-ல் விளக்கினார். அந்த அடுக்கின் கடைசிப் படிக்கும் கீழே இன்னொரு படி உண்டு என்றால், அது சாக்கடையின் இரும்பு ஏணிப் படிதான்.

தண்ணீர் ஆயுதமான கதை

தண்ணீரை அழுத்திப் பாய்ச்சினால் அது உளியைப் போல வெட்டும் என்பதை மனிதர்கள் பெரிய அளவில் அறிந்துகொண்டது தங்க வேட்டையில். 1850-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மலையின் மேலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கி, குறுகிய முனை வழியாகப் பீய்ச்சி மலைச்சரிவுகளையே கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். கரைந்த மண் ஆறுகளில் இறங்கி விவசாயிகளின் நிலத்தை மூடியது. 1884-ல் நீதிமன்றம் தலையிட்டு, அந்த மண்ணை ஆற்றில் தள்ளத் தடை விதித்தது.

அடுத்து டீசல் என்ஜின் வந்தது. எரிஎண்ணெயை மிக உயர்ந்த அழுத்தத்தில் நுண்ணிய துளை வழியாகத் தெளிக்கும் இன்ஜெக்டர் அதில் உண்டு. அந்தத் தெளிப்பு மனித உடலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதை ரீஸ் என்ற மருத்துவர் 1937-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்தார். பிறகு கிரீஸ் துப்பாக்கியிலும் பெயின்ட் தெளிக்கும் இயந்திரத்திலும் இதே காயம் வந்தது. வெளியே ஊசி குத்தியது போலச் சின்னத் துளை. உள்ளே சதை அழுகும். இதைக் கை அறுவை மருத்துவர்கள் தனி வகைக் காயமாகவே படிக்கிறார்கள். அழுத்தத்தின் ஆபத்து உலகுக்குத் தெரிந்து கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்வோம்.

சாக்கடைக் குழாய்க்குள் இந்தத் தண்ணீர்ப் பீய்ச்சலைச் செலுத்தும் லாரிகள் 1950-களின் கடைசியிலும் 60-களிலும் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தன. லாரியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓர் உயர் அழுத்தப் பம்பு, உருளையில் சுற்றிய நீளமான ஹோஸ், அதன் நுனியில் நாசில். நாசிலின் துளைகளில் பெரும்பாலானவை பின்பக்கம் பார்த்து இருக்கும். தண்ணீர் பின்னால் பீறிடும்போது நாசில் முன்னால் பாயும். ராக்கெட் பறப்பதும் இதே விதியில்தான். அது ஹோஸையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் ஓடும். திரும்ப இழுக்கும்போது அந்தப் பீய்ச்சல் மண்ணையும் கொழுப்பையும் வாரிக் குழிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். உறிஞ்சும் பம்பும் சேர்ந்த வண்டி என்றால் அந்தச் சகதியை அப்படியே தொட்டிக்கு ஏற்றிவிடும். மூங்கில் பிளாச்சும் வாளியும் செய்த வேலை முழுவதும் சாலையில் நின்றபடியே முடிய வேண்டும். கருவி வடிவமைக்கப்பட்டதே அதற்காகத்தான்.

வண்டி வந்தது, ஆள் போகவில்லை

சென்னைக் குடிநீர் வாரியம் 1978-ல் உருவானது. அதன் பிறகான ஆண்டுகளில் ஜெட் ராடிங் வண்டி, தூர் வாரும் வண்டி, சூப்பர் சக்கர் என்று ஒவ்வொன்றாக நகரத்துக்கு வந்தன. மற்ற மாநகராட்சிகளும் வாங்கின. ஆனால் அந்த வண்டிகள் சாக்கடையைக் காப்பாற்றும் கணக்கில் வந்தவை. ஒரு நாளில் எத்தனை மீட்டர் குழாய் சுத்தமாகும், எத்தனை புகார் தீரும் என்பதற்குப் பதிவேடு உண்டு. எத்தனை மனிதர்கள் இனிமேல் இறங்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி இல்லை.

இயந்திரம் பக்கத்தில் நிற்கும்போதே ஆள் ஏன் இறங்குகிறார்? வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால் காரணங்கள் தெளிவாகத் தெரியும்.

ஒன்று, பீய்ச்சல் கரைப்பது சகதியையும் கொழுப்பையும். செங்கல், ஜல்லி, துணிமூட்டை, நாப்கின், கட்டட இடிபாடு இவற்றை அது கரைக்காது. குழியின் அடியில் வந்து தங்கும் இவற்றை எடுக்க வாளி இயந்திரம் தேவை. அது இல்லாத இடத்தில் ஓர் ஆளை இறக்குகிறார்கள்.

இரண்டு, நாசில் குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும். விலை உயர்ந்த பொருள். அதை விட்டுவிட்டுப் போக யாரும் தயாரில்லை. மனிதரைக் காக்க வந்த கருவியை மீட்க மனிதர் இறங்குகிறார்.

மூன்று, தெரு. பெரிய லாரி நுழைய முடியாத சந்துகளில்தான் நம் ஊர்களின் பாதி சாக்கடை ஓடுகிறது.

நான்கு, தண்ணீர். வண்டியின் தொட்டிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் வேண்டும். நிரப்பிவர நேரம் ஆகும், டீசல் ஆகும். ஒப்பந்தக்காரரின் கணக்கில் அதைவிட மலிவாக ஒன்று இருக்கிறது: ஒரு நாள் கூலிக்குக் கிடைக்கும் மனித உடல்.

தனியார் செப்டிக் டேங்க் லாரிகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் உறிஞ்சும் பம்பு மட்டும்தான். மேலே உள்ள நீரை அது இழுத்துவிடும். பல ஆண்டுகளாக அடியில் இறுகிக் கிடக்கும் கசடை இழுக்காது. அதைக் கலக்கிவிட ஒருவர் தண்ணீர் ஹோஸோடு தொட்டிக்குள் இறங்குகிறார். கலக்கிய நொடியில் நடப்பதைத்தான் மறுநாள் ‘விஷவாயு தாக்கி பலி’ என்று படிக்கிறோம். அவர் இறங்கிய பிறகு அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்தே சாகிறார்கள்.

வண்டியைச் சுற்றி நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கில் ஒருவர்; உரிமம் உள்ளவர். பம்பின் வால்வு பக்கத்தில் ஒருவர், ஓரளவு பழக்கிவிடப்பட்டவர். குழியின் வாயில் குனிந்து ஹோஸைக் கையால் உள்ளே விடுபவர் ஒருவர். அழுத்தம் வெளிப்படும் முனை அவர் கையில். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. பயிற்சி அவருக்குக் கிடையாது, அடையாள அட்டையும் சில இடங்களில் கிடையாது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை பதிவான சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இயந்திரத்துக்குச் சாதி இல்லை என்று யாராவது சொல்லட்டும்.

சட்டம் மெல்ல நடந்த தூரம்

1993-ல் நாடாளுமன்றம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் எடுப்புக் கழிப்பிடத்தின் மேல்தான் இருந்தது. பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர் அதன் பார்வைக்குள் வரவில்லை. 2003-ல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம், சாக்கடைக்குள் மனிதர்களை இறக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டது. உத்தரவுக்குப் பிறகும் மரணங்கள் தொடர்ந்தன.

2013-ல் புதிய சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாள். சாக்கடையும் செப்டிக் டேங்கும் முதன்முறையாகச் சட்டத்துக்குள் தெளிவாக வந்தன. ‘அபாயகரமான சுத்தம் செய்தல்’ குற்றம் என்றது 7-ஆவது பிரிவு. முதல்முறை குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. நவீன இயந்திரங்களைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்றது 33-ஆவது பிரிவு.

ஆனால் இந்தச் சட்டத்துக்குள்ளும் ஒரு பொந்து இருக்கிறது. பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவதைத்தான் அது அபாயகரம் என்று வரையறுக்கிறது. கருவி கொடுத்து இறக்கினால்? சில அவசர நிலைகளில், உள்ளாட்சி நிர்வாகத் தலைவர் காரணத்தை எழுதி அனுமதித்தால் இறக்கலாம் என்கின்றன அதே ஆண்டின் விதிகள். அப்படி இறக்கும்போதும் குறைந்தது 3 பேர் உடனிருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மேற்பார்வையாளர். முதலில் வாயுவைச் சோதிக்க வேண்டும். தொடர்ந்து 90 நிமிடத்துக்கு மேல் வேலை கூடாது, இடையில் 30 நிமிட ஓய்வு. ஆயுள் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். விதியில் உள்ள பாதுகாப்புப் பொருட்களின் பட்டியல் பக்கக் கணக்கில் நீளும். களத்தில் அந்தப் பட்டியல் ஒரு ஜோடி கையுறையாகச் சுருங்குகிறது. அதுவும் புகைப்படம் எடுக்கும் நாளில்.

2014 மார்ச் 27-ல் தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பது வன்கொடுமை ஆனது. 2017-ல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படம் தமிழ்நாட்டின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியைப் பிடித்தது. 2023 அக்டோபர் 20-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட 6 பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதற்குத் தடை என்று மீண்டும் உத்தரவிட்டது. ஏற்கெனவே தடை செய்யப்பட்டதைத் திரும்பத் திரும்பத் தடை செய்ய வேண்டியிருப்பதே இந்த வரலாற்றின் சுருக்கம். 1993 முதலான அரசின் சொந்தப் பதிவுகளிலேயே, இத்தகைய மரணங்களில் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் சமூக நீதி மண் என்று பெருமை பேசும் நம் தமிழ்நாடு.

மரணத்துக்கு இழப்பீடு வந்தது. சாகாமல் இருப்பதற்கான பாடம் வந்ததா?

சொல்லிக்கொடுக்கப்படாத பாடம்

பைக் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பி.எஸ்.ஐ., அதாவது 2 பார். சாக்கடை ஜெட்டிங் பம்பு 100 முதல் 200 பார் வரை தள்ளும். டயர் அழுத்தத்தைப் போல 50 முதல் 100 மடங்கு. மனிதத் தோலைத் துளைக்க 7 பார் போதும். துணிக் கையுறையும் சாதாரண ரப்பர் கையுறையும் இந்தப் பீய்ச்சலைத் தடுக்காது. இந்த ஒரு பத்தியைக்கூட, ஹோஸைப் பிடிக்கும் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

முதல் விதி: நாசில் குழாய்க்குள் முழுதாகப் போன பிறகுதான் அழுத்தம் ஏற்ற வேண்டும், நாசில் குழாயை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அழுத்தத்தை நிறுத்த வேண்டும். வெளியே கிடக்கும் நாசிலில் அழுத்தம் ஏறினால் அது பாம்பைப் போல் சுழன்று அடிக்கும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணோ தாடையோ போகும். நாசிலை ஒட்டிய முதல் சில மீட்டர் ஹோஸ் வேறு நிறத்தில் இருந்தால், அந்த நிறம் தெரிந்ததும் நாசில் வாய்க்கு வந்துவிட்டது என்று புரியும். விலை பெரிதாக இல்லாத ஏற்பாடு இது. பல வண்டிகளில் இல்லை.

இரண்டாவது: பெரிய குழாயில் நாசில் உள்ளேயே திரும்பிக்கொண்டு, விட்ட வழியே பாய்ந்து வரும். குழியின் வாயில் குனிந்திருப்பவரின் முகத்துக்குத்தான் வரும். இதைத் தடுக்க, நாசிலுக்குப் பின்னால் குழாயின் விட்டத்தைவிட நீளமான வளையாத குழாய்த் துண்டைப் பொருத்த வேண்டும். அப்போது நாசிலால் திரும்ப முடியாது.

மூன்றாவது: நிறுத்தும் அதிகாரம் குழியின் வாயில் நிற்பவருக்கு வேண்டும். காலால் மிதித்தால் ஓடி, காலை எடுத்தால் உடனே அழுத்தம் இறங்கும் வால்வு உண்டு. அது அவர் காலடியில் இருக்க வேண்டும். நம் ஊரில் நிறுத்தும் வால்வு லாரியின் பக்கத்தில், வேறொருவர் கையில். பம்பு இரைச்சலில் கத்தினால் கேட்காது. கைச் சைகையாவது முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

நான்காவது: என்ஜினை நிறுத்திவிட்டதால் ஆபத்து முடிந்துவிடாது. ஹோஸுக்குள் அழுத்தம் தங்கியிருக்கும். வால்வைத் திறந்து அதை வடித்த பிறகுதான் நாசிலைக் கழற்ற வேண்டும். ஹோஸ் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்கலாம். வெடிப்பு, கம்பி தெரியும் தேய்மானம் இருந்தால் அந்த ஹோஸ் வேலைக்கு ஆகாது. டேப் சுற்றி ஓட்டுவது கொலைக்குச் சமம்.

ஐந்தாவது, மிக முக்கியமானது: பீய்ச்சல் வாயுவை எழுப்பும். சகதிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு அடைபட்டிருக்கிறது. அதைக் கலக்குவது சோடா பாட்டிலைக் குலுக்கித் திறப்பது மாதிரி. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. 1000 பங்கு என்றால் ஓரிரு மூச்சில் ஆள் விழுவார். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று சொல்பவர் மரணத்துக்கு வழி காட்டுகிறார். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் சோதனை ஆகாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். வாயு அளக்கும் கருவி வேண்டும். ஜெட் அடிப்பதற்கு முன்னால் முன்னும் பின்னும் உள்ள மூடிகளைத் திறந்து வைக்க வேண்டும். அடித்த பிறகு யாரும் இறங்கக் கூடாது, மாட்டிய நாசிலுக்காகவும் கூடாது. ஒருவர் விழுந்துவிட்டால் அவர் பின்னால் குதிக்கக் கூடாது. மேலிருந்து தூக்கும் முக்காலியும் கயிறும் தீயணைப்புத் துறையும்தான் அவரைக் காப்பாற்றும்.

கடைசியாக, காயம். விரலில் பீய்ச்சல் பட்டு ஊசித் துளை போலத் தெரிந்தால், வலி குறைவாக இருந்தாலும் அது அவசரச் சிகிச்சை. மருத்துவரிடம் ‘சின்ன வெட்டு’ என்று சொல்லாதீர்கள். ‘உயர் அழுத்தத் தண்ணீர் உள்ளே போய்விட்டது, சாக்கடைத் தண்ணீர் கலந்தது’ என்று சொல்லுங்கள். டிடி ஊசியோடு வீட்டுக்கு அனுப்பினால் மறுத்து, அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாமதித்தால் விரலை எடுக்க நேரலாம். வேலைக்குப் பிறகு சில நாட்களில் கடும் காய்ச்சலும் கண் சிவப்பும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சாக்கடையில் வேலை செய்வதைச் சொல்லி எலிக்காய்ச்சலுக்குச் சோதிக்கச் சொல்லுங்கள். பீய்ச்சலில் கிளம்பும் சாரல் கண்ணிலும் வாயிலும் படும். கண்ணாடியும் முகத்தடுப்பும் அலங்காரத்துக்கு அல்ல.

இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. இயந்திரத்தோடு வரும் கையேட்டில் இருப்பதுதான். ஆனால் கையேடு ஆங்கிலத்தில் அலுவலக அலமாரியில் இருக்கிறது. ஹோஸ் தமிழிலும் தெலுங்கிலும் பேசும் நம் ஆள் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் படிக்கக் கூடாது என்றார்கள். இன்று படிக்கக் கொடுப்பதில்லை. விளைவு ஒன்றுதான்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஆவது

சமீப ஆண்டுகளில் வேறொரு திருப்பமும் வந்திருக்கிறது. 2017-ல் ஹைதராபாத் குடிநீர் வாரியம், குறுகிய சந்துக்குள் நுழையும் 70 சிறிய ஜெட்டிங் வண்டிகளைத் தலித் தொழில்முனைவோர் வழியாக இறக்கியது. 2019 பிப்ரவரியில் டெல்லி அரசு 200 வண்டிகளோடு இதேபோன்ற திட்டத்தைத் தொடங்கியது. 2023-ல் சென்னையிலும் தூய்மைப் பணியாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வண்டி உரிமையாளர்களாக்கும் திட்டம் வந்தது. இடையில் 2018-ல் கேரளத்தில் ‘பேண்டிகூட்’ என்ற ரோபோ சாக்கடைக்குள் இறங்கியது. 2023-24 ஒன்றிய பட்ஜெட் ‘மேன்ஹோல்’ இனி ‘மெஷின்ஹோல்’ ஆகும் என்று அறிவித்தது.

இவற்றை நாம் அலட்சியப்படுத்தவில்லை. சந்துக்குள் வண்டி நுழையாது என்ற சாக்குக்கு ஹைதராபாத் 2017-லேயே பதில் சொல்லிவிட்டது. குழிக்குள் இறங்கியவரின் மகன் வண்டியின் சாவியை வைத்திருப்பது சின்ன மாற்றம் அல்ல. ஆனால் இரண்டு கேள்விகளை விட்டுவிட முடியாது.

வண்டிக்கடன் யார் தலையில்? ஒப்பந்தம் முடிந்த பிறகு, வாரியம் பணம் தரத் தாமதித்தால், தவணை கட்டுவது யார்? நேற்றுவரை தொழிலாளியாக அரசு மேல் வழக்குப் போட முடிந்தவர், இன்று ‘முதலாளி’ ஆனதும் விபத்துக்குத் தானே பொறுப்பாளி ஆகிவிடுகிறாரா? அவர் வண்டியில் ஹோஸ் பிடிக்கும் இன்னொரு தலித் இளைஞருக்குக் காப்பீடு யார் எடுப்பது?

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. நெடுஞ்சாலை போடும் இயந்திரத்துக்கு எல்லாச் சாதியிலும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. மலம் இழுக்கும் இயந்திரத்துக்கு மட்டும் நாம்தான் உரிமையாளராக வேண்டும் என்றால், கூடையிலிருந்து குழிக்கு, குழியிலிருந்து வண்டிக்கு என்று அதே சாதி ஒதுக்கீடுதான் தொடர்கிறது. வண்டி வேண்டும். வண்டியோடு நின்றுவிடக் கூடாது.

நாம் கேட்பது

இயந்திரம் வாங்கினோம் என்ற கணக்கு நமக்குப் போதாது. ஒவ்வொரு நகராட்சியும் எத்தனை ஜெட்டிங் வண்டி வைத்திருக்கிறது, அதில் எத்தனை ஓடுகிறது, வாயு அளக்கும் கருவி எத்தனை என்பதை வார்டு அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். ஹோஸ் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் மொழியில், சம்பளத்தோடு கூடிய பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும். நிறுத்தும் வால்வு அவர் காலடிக்கு வர வேண்டும். பாதுகாப்பு இல்லை என்று அவர் வேலையை மறுத்தால் கூலி பிடிக்கக் கூடாது. நாசில் மாட்டினால் விட்டுவிட்டு வரலாம் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும், நாசில் வாங்கிக்கொள்ளலாம். மரணம் நடந்தால், அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்ற பிரிவோடு நிறுத்தாமல் 2013 சட்டத்திலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் பதிய வேண்டும். இறக்கியவரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் வர வேண்டும்.

தோழர்களே, உங்கள் தெருவில் ஜெட்டிங் வண்டி நிற்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். குழியின் வாயில் குனிந்திருப்பவரின் முகத்தில் கண்ணாடி இருக்கிறதா, வாயுக் கருவி இருக்கிறதா, மேற்பார்வையாளர் யார் என்று கேளுங்கள். ஆளை இறக்கப் போகிறார்கள் என்றால் அனுமதி எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். தாள் இல்லை என்றால் தடுத்து நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் சட்டத்தின் பக்கம் நிற்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும்.